ஒரு மணி நேர மதுரை

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் எங்கள் தெருவில் அப்பாவுக்குத் தனி மதிப்பு. வைகை எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் போய் வந்தவர் அல்லவா! 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜ் பாதையில் அந்த வண்டி ஓடத் தொடங்கும்வரை, எங்களுக்கு மெட்ராஸ் என்பது ஒரு ராத்திரி தூரம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிகிற நேரம் எழும்பூர். பகல் வெளிச்சத்திலேயே போய்ச் சேரலாம் என்பது புதுசு. "ஏழே மணி நேரம்!" என்று எதிர்ப்படுகிறவரிடமெல்லாம் சொல்வார் அப்பா.

ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார். விடிந்த பிறகு கிளம்பும் வண்டிக்கு எங்களை நாலு மணிக்கே உலுக்கி எழுப்பி, ஐந்துக்கெல்லாம் பிளாட்பாரத்தில் டிரங்குப் பெட்டி மேல் உட்கார வைத்துவிடுவார். கொசுக்கடியோடு கழிந்த அந்த நேரம் அவர் கணக்கில் ஏறியதே இல்லை.

இப்போது என் மகன் முறை. "ரயிலுக்கு எழும்பூர்லேர்ந்து 490 கிலோமீட்டர் சொச்சம்பா. வானத்துல நேர்கோடு, 415தான். ஒரு மணி நேரத்துல மதுரை!" என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தான்.

சென்னை பெரம்பூரில் என் வீட்டிலிருந்து காலை ஏழரைக்குக் கிளம்பினேன். ஒன்பதுக்கு மீனம்பாக்கம் விமான நிலையம். ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள் என்பதால், இரண்டு மணி நேரம் முன்பே போய்விட வேண்டுமாம். பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டு, வேட்டி கட்டாமல் வந்த முட்டாள்தனத்தை நொந்து, இடுப்பைப் பிடித்தபடி வரிசையில் நகர்ந்தேன். பதினொரு மணி விமானம் பதினொன்று நாற்பதுக்குத்தான் நகர்ந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு இறங்கி, பெட்டிக்குக் காத்து, டாக்ஸி பிடித்து, செல்லூர் வீட்டு வாசலை மிதிக்கும்போது மணி ஒன்றே முக்கால். ஆக, ஆறேகால் மணி நேரம்.

2019-இல் தேஜஸ் ரயில் வந்த புதிதில் அதற்கு எழும்பூரிலிருந்து ஆறரை மணி நேரம். வீட்டிலிருந்து ரயிலடிக்குப் போவதைச் சேர்க்காமல் பார்த்தால், வானத்தில் பறந்து நான் மிச்சம் பிடித்தது கால் மணி. அதையும் டாக்ஸிக்காரரிடம் சில்லறைக்கு நின்றதில் விட்டிருப்பேன்.

வாசலில் அத்தை. வயது எண்பத்தெட்டு.

"எம்புட்டு நேரமாச்சுப்பா வர?"

"ஒரே மணி நேரம் அத்தை!" வாய் தானாகச் சொன்னது. குரல்கூட அப்பாவுடையது மாதிரியே இருந்தது.

அத்தை என் கையைப் பார்த்தாள். "உங்கப்பன் மெட்ராஸ் போய்ட்டு வந்தா மணப்பாறை முறுக்கு இல்லாம படியேற மாட்டான். நீ வெறுங்கையோட வந்திருக்க?"

"பிளேன்ல வந்தேன் அத்தை. வழியில மணப்பாறை வராது."

"அப்ப என்ன வரும்?"

யோசித்துப் பார்த்தேன். மேகம் வந்தது. அதைப் பொட்டலம் கட்டித் தர யாரும் இல்லை.