பண்பலைக் குமிழ் திருகுவோர் படும் பாடு: ஓர் ஆய்வு

சென்னையில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் பாட்டுப் பிடிக்காமல் 93.5இலிருந்து 98.3க்குத் தாவுகிறார். அங்கே அதே படத்தின் இன்னொரு பாட்டு. 106.4க்குப் போனால், முதலில் விட்டுவந்த பாட்டின் இரண்டாம் சரணம். அறிவுலகம் இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவருகிறது. அது பிழை என நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம்: ஆட்டோ, சலூன், மாவு மில். ஆய்வுக்கருவி: ஆட்காட்டி விரல்.

முதலில் வரலாறு. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். சாஸ்திரிய சங்கீதம் கேட்டால் நாட்டின் ரசனை திருந்தும் என்பது அவருடைய கருதுகோள். நாடு திருந்தவில்லை, முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் நகர்த்திவிட்டது. 1957 அக்டோபர் 3 அன்று அதே வானொலியின் விவித்பாரதி சேவை தொடங்கப்பட்டு, விரட்டப்பட்ட பாட்டுகள் மாலை மரியாதையோடு திரும்ப அழைக்கப்பட்டன. போட்டி வந்தால் கொள்கை இறங்கிவரும் என்பது இதனால் பெறப்படும்.

2003இல் தனியார் பண்பலை சென்னைக்கு வந்தது. சூரியன், மிர்ச்சி, பிறகு ரேடியோ சிட்டி, பிக், ஹலோ. பெயர் வேறு, முழக்கம் வேறு. சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை; ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம் என்ற சலுகையும் பின்னால் வந்ததுதான். ஆக, தனித்துத் தெரிவதற்கு மிஞ்சியது பாட்டு ஒன்றே. அதிலும் எல்லோரும் ஒரே பாட்டையே போட்டார்கள்.

ஏன் இப்படி என்பதற்கான விடை, கேஸ்கர் பாட்டை விரட்டிய அதே 1952இல் அமெரிக்காவில் அச்சாகிவிட்டது. பீட்டர் ஸ்டைனர் என்ற பொருளியலாளர் வானொலிப் போட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் வழியில் நாமும் போடுவோம். ஊரில் நூறு பேர். 80 பேருக்குச் சினிமாப் பாட்டு, 12 பேருக்குக் கர்நாடக இசை, 8 பேருக்கு ஆங்கிலப் பாட்டு வேண்டும். சினிமா நிலையங்கள் ஆறு இருந்தாலும் தலைக்குப் பதின்மூன்று பேர் தேறுவார்கள். பன்னிரண்டு பேருக்காகத் தம்பூராவைத் தூக்க எந்த முதலாளி வருவார்? ஏழாவதாக வருபவருக்குத்தான் அந்த எண்ணமே தோன்றும். எட்டுப் பேர் பாடு அதற்கும் பிறகு. (ஆங்கிலப் பேச்சும் பாட்டுமாக நடந்துபார்த்த சென்னை லைவ் 104.8இன் துணிச்சலை இவ்விடத்தில் எழுந்து நின்று பாராட்டலாம்.)

ஸ்டைனரின் கணக்கில் ஒரு விபரீதம் உண்டு. எல்லா நிலையங்களும் ஒரே முதலாளி கையில் இருந்தால் பலவகைப் பாட்டும் கிடைக்கும். தன் வாடிக்கையாளரைத் தானே பங்குபோட்டு அவருக்கு என்ன லாபம்? இந்தியாவிலோ நெடுங்காலம் ஒரு நகரில் ஒரு நிறுவனத்துக்கு ஒரே நிலையம் என்பதுதான் விதி. ஆதிக்கம் கூடாது என்ற நல்லெண்ணம் ஒரே பாட்டாக விளைந்தது.

தனியார் பண்பலைக்கான மூன்றாம் கட்ட உரிமத்தில் இந்த விதி தளர்ந்ததும் சோதனைக்கு வழி பிறந்தது. பெங்களூரில் 98.3இல் கன்னடப் பாட்டு போட்டுக்கொண்டிருந்த மிர்ச்சி, இரண்டாவதாக 95.0 அலைவரிசையையும் வாங்கியது. அதில் போட்டது இந்திப் பாட்டு.