ஓய்வெடுக்கும் வேலை

தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் அரூர் வந்து இறங்குகிறவர்களுக்கு ஓய்வு என்பது முழுநேர வேலை. முதல் நாள் மாமனார் வீட்டுக் கறிவிருந்து. மறுநாள் பெரியப்பா வீட்டில் அதே ஆட்டின் மிச்சம். மூன்றாம் நாள், "மனசுக்குக் கொஞ்சம் அமைதி வேணும்பா" என்று வேன் பிடித்துப் பதினெட்டுப் பேராகத் தீர்த்தமலைக்கு.

மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர் கோயில். ராமர், குமார, கௌரி, அக்கினி, அகத்திய தீர்த்தங்கள். வயிற்றுக் கோளாறுக்கு அகத்திய தீர்த்தம் நல்லது என்பது நம்பிக்கை. பண்டிகை வாரத்தில் அங்கே கூட்டம் கூடுவதில் வியப்பில்லை. பாறை உச்சியிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டுவதற்கு முன் செல்போனைக் காட்டுகிறார்கள். நனைந்தது பதிவாகாவிட்டால் பாவம் தீருமா என்ன?

படியேறியதில் உடம்புக்குக் கிடைத்த நன்மையை, அடிவாரத்தில் இறங்கியதுமே பஜ்ஜியோடு சரிக்கட்டிவிடுகிறோம். அமைதியைப் பற்றி வேனில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்.

நிஜமாகவே அமைதி வேண்டுபவர்கள் பண்டிகை முடிந்த ஒரு புதன்கிழமை, ராத்திரி ரசம்சோறு சாப்பிட்ட வயிற்றோடு, காலையில் தனியாக ஏறிப் பாருங்கள். சாமி அன்றைக்கும் இருப்பார்.