அய்யனார் லேப்டாப்புக்குக் குடிவந்த படலம்

எங்கள் குலதெய்வம் அய்யனாருக்கு இரண்டு பூசாரிகள். ஒருவர் புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய்க்கரையில் சூடம் காட்டுகிறவர். இன்னொருவர் திருச்சி தில்லைநகரில், இரண்டாவது மாடியில் உட்கார்ந்து இன்டர்நெட்டில் சேவை செய்கிறவர். இந்த இரண்டாமவர் என் பெரியப்பா. வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு, 2003-இல் கோயிலுக்கு ஒரு வெப்சைட் போட்டார். அய்யனார் இன்னமும் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில்தான் இருக்கிறார். ஆனால் உலகளாவிய முகவரி உண்டு.

சைட்டில் தல வரலாறு, திருவிழாப் படங்கள் எல்லாம் இருந்தாலும் பங்காளிகள் திறந்து பார்ப்பது ஒரே ஒரு பக்கத்தைத்தான்: நன்கொடையாளர் பட்டியல். தன் பெயர் இருக்கிறதா என்பது முதல் கேள்வி; தம்பி பெயருக்கு மேலே இருக்கிறதா என்பது அடுத்தது. அந்தப் பட்டியலில் ஒரு கை வைத்தால் போதும், இரண்டு தலைமுறைப் பகை கிளம்பிவிடும்.

பெரியப்பாவின் கம்ப்யூட்டர் விண்டோஸ் எக்ஸ்பி. ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனால், விபூதி பூசிக்கொண்டு வரும்போது அதுவும் தயாராகியிருக்கும். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2014-லேயே நின்றுபோயின என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். "அய்யனாரே காவல் தெய்வம். அவர் சைட்டுக்கு நீ என்னடா பாதுகாப்பு கேக்குறே?" என்பார். மறுத்துப் பேசினால் நாத்திகன் பட்டம் கிடைக்கும்.

போன ஆடியில் பெங்களூரிலிருந்து அவர் மகன் புது லேப்டாப் ஒன்றை அனுப்பிவைத்தான். பழையதிலிருந்து புதியதற்கு அய்யனாரைக் குடிமாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுகிறவன். எங்கள் குடும்பத்தில் கம்பெனி பெயரில் கம்ப்யூட்டர் இருந்தால் போதும், அங்கே வேலை பார்க்கிறவன் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன்.

ஃபைல்களைப் பென்டிரைவில் ஏற்றுவது காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இருபது வருட அய்யனார், ஒரு கல்யாண வீடியோவின் கால்வாசி இடத்தில் அடங்கிவிட்டார். 'இண்டெக்ஸ்', 'இண்டெக்ஸ் நியூ', 'இண்டெக்ஸ் ஃபைனல்', 'இண்டெக்ஸ் ஃபைனல் ஒரிஜினல்' என்று முகப்புப் பக்கமே நாலு தலைமுறை. கூடவே, மறைந்திருந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொன்னதும், ஒவ்வொரு அறையிலும் 'விடிஐ' என்ற எழுத்துகளோடு ஒரு குட்டி ஃபோல்டர் எட்டிப் பார்த்தது.

"யார் பெரியப்பா இந்த விடிஐ? நம்ம பங்காளியா?"

"நான் வைக்கலைடா. எனக்கு முன்னாடியே அங்க இருந்தது."

உண்மைதான். பெரியப்பா பக்கம் எழுதப் பயன்படுத்தியது ஃப்ரண்ட்பேஜ் என்ற மென்பொருள். அதை முதலில் செய்தது மைக்ரோசாஃப்ட் அல்ல. அமெரிக்காவில் வெர்மியர் டெக்னாலஜீஸ் இன்க் என்ற சின்ன கம்பெனி. 1996 ஜனவரியில் சுமார் 13 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. கம்பெனி கரைந்துபோனது, அதன் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் ஃப்ரண்ட்பேஜ் தொட்ட ஃபோல்டரில் எல்லாம் தங்கிவிட்டன. விவரம் கேட்ட பெரியப்பா, "பாவம், இடத்தை வித்தாலும் பேரை விட மனசு வரலை போலிருக்கு. இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

லேப்டாப்பில் நன்கொடையாளர் பட்டியலைத் திறந்தேன். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நானும் அதையே செய்தேன். தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஆயிரத்தொரு ரூபாய் கொடுத்த முருகன் மாமா, கே, யூ, எஃப், டி, அரைப்புள்ளி ஆகியிருந்தார். வெளிநாட்டுப் பாட்டுக் குழுவின் பெயர்போல் இருந்தது. பட்டியலில் தொகை மட்டும் ஒரு ரூபாய் பிசகாமல் இருந்தது.

பாமினி எழுத்துருவின் வேலை இது. அந்தக் காலத்து எழுத்துருவான அதில் 'த' என்பது உள்ளுக்குள் ஆங்கில ஜே-தான். எழுத்துரு மேலே தமிழ் வேஷம் கட்டிவிடும். பழைய கம்ப்யூட்டரின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் பாமினி இருந்தது, வேஷம் நிலைத்தது. இங்கே அது இல்லை, ஒப்பனை கலைந்துவிட்டது. பாமினியையும் கொண்டுவந்து போட்டால் பெரியப்பாவுக்குத் தெரியும். கைபேசியில் பார்க்கும் மருமகள்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுவதே வழி என்றேன். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றாகிவிட்டது என்று அரசாணைப் பலத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

"நாம 2003-லேயே வந்துட்டோம். அரசாங்கம் லேட்டா வந்துட்டு நம்மள மாத்தச் சொல்லுதா?"

எழுத்துமாற்றிகள் இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைக்கின்றன. முருகன் மாமா ஒரு சொடுக்கில் தமிழரானார். ஆனால் மாற்றிக்கு எது தமிழ், எது கம்ப்யூட்டருக்கான கட்டளை என்ற பேதமெல்லாம் கிடையாது. பக்கத்தின் வயிற்றுக்குள் 'ஃபான்ட்' என்று ஆங்கிலத்தில் இருந்த கட்டளைகளையும் பாமினி என்றே நினைத்து, 'கழவெ' என்று ஆக்கிவைத்தது. பிரவுசருக்கு அது புரியவில்லை. பெரியப்பாவுக்குப் பாதி புரிந்தது. "எதைக் கழுவச் சொல்லுது?" என்றார். அப்புறம் பெயர்களை மட்டும் பிரித்தெடுத்து, மாற்றி, மறுபடி அவரவர் இடத்தில் உட்கார வைத்தோம். யாரும் யாருக்கும் மேலே ஏறிவிடாதபடி பெரியப்பா பக்கத்திலேயே காவல் இருந்தார்.

அடுத்து முகப்புப் படம். புரவி மேல் அய்யனார், பின்னால் அந்தி வானம். பெரியப்பாவே எடுத்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலிக் கட்டம். உள்ளே போய்ப் பார்த்தால், படத்தின் விலாசம் 'சி டிரைவ், டாக்குமெண்ட்ஸ் அண்டு செட்டிங்ஸ்' என்று பெரியப்பாவின் மேஜைக்கே வழி சொல்லிக்கொண்டிருந்தது. அதாவது அந்தப் படம் சர்வருக்குப் போனதே இல்லை. இத்தனை காலமும் உலகத்திலேயே அதைப் பார்த்தவர் பெரியப்பா ஒருவர்தான். சிங்கப்பூர்ச் சித்தப்பாவும் மதுரை அத்தையும் காலிக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் "முகப்பு பிரமாதம்ணே" என்று போனில் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்படியா சொன்னானுங்க!" என்றவர், சற்று யோசித்து, "சாமி கண்ணுக்குத் தெரியாமத்தானே இருக்கும்னு நெனச்சிருப்பானுங்க" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

திருத்தியதைச் சர்வரில் ஏற்றப் பாஸ்வேர்ட் வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் அது வரிசையாகப் புள்ளிகளாகத் தெரிந்தது. பெரியப்பா அந்தப் புள்ளிகளைச் சுட்டிக்காட்டி, "இதோ இருக்கே, இதைக் காப்பி பண்ணு" என்றார். புள்ளி காப்பி ஆகாது என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது, அடுப்படியிலிருந்து பெரியம்மா பால் கணக்கு நோட்டோடு வந்தார். 2003-ஆம் வருஷத்து நோட்டு. ஒன்றரை லிட்டர், நாகா, ஒன்றரை லிட்டர் என்ற வரிசைக்கு நடுவே பாஸ்வேர்ட். பக்கத்தில் 'மூணாவது எழுத்து பெரிசு' என்ற குறிப்பு வேறு. "மறந்துடாம ஞாபகம் வச்சுக்கோன்னு அன்னிக்கு உங்க பெரியப்பாதான் சொன்னாங்க. அப்புறம் கேக்கவே இல்லை" என்றார். எங்கள் குடும்பத்தில் பேக்கப் எடுத்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

மிச்சமிருந்தது ஃப்ரண்ட்பேஜ். அதன் சிடியைப் பெரியப்பா பட்டுத்துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார். லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். சிடி நுழையும் வாயே இல்லை. சென்னை ரிச்சி தெருவில் வெளி டிரைவ் ஒன்று வாங்கி அடுத்த தடவை போகும்போது எடுத்துப் போனேன். சிடி சுழன்றது. இருபத்தைந்து எழுத்துச் சாவியைக் கேட்டது. உறையின் பின்னால் மஞ்சள் ஒட்டில் அது இருந்தது. பேரன் ஒரு காலத்தில் அதை நகத்தால் சுரண்டியிருந்தான். இந்தச் சாவிகளில் பூஜ்யமும் கிடையாது, ஓ-வும் கிடையாது. ஒன்றும் கிடையாது, ஐ-யும் கிடையாது. பார்க்கிறவர் குழம்பக்கூடாது என்ற நல்லெண்ணம். ஆனால் எட்டையும் பி-யையும் மட்டும் சேர்த்தே விட்டுவைத்திருக்கிறார்கள். பேரன் சுரண்டியது சரியாக அந்த இடத்தை. எட்டு போட்டோம், பி போட்டோம். கதவு திறக்கவில்லை. புதிதாக வாங்கலாம் என்றால், 2003-க்குப் பிறகு ஃப்ரண்ட்பேஜில் புதுப் பதிப்பே கிடையாது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அதற்கு முழுக்குப் போட்டுவிட்டது.

பெரியப்பா முகத்தில் இழவு விழுந்த களை. நான் நோட்பேடைத் திறந்து, முகப்புப் பக்கத்தை அதில் காட்டினேன்.

"இது என்னடா, வெறும் எழுத்து!"

"இதுதான் பெரியப்பா உங்க வெப்சைட். ஃப்ரண்ட்பேஜ் இதைத்தான் எழுதிக் கொடுத்துக்கிட்டிருந்தது."

1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ போட்ட உலகின் முதல் வெப் பக்கமும் இப்படி வெறும் எழுத்துதான். 2013-இல் செர்ன் ஆய்வகம் அதைப் பழைய விலாசத்திலேயே மறுபடி வைத்தது; இன்றைய கைபேசியிலும் முக்காமல் முனகாமல் திறக்கிறது. பக்கம் எழுதுவதைச் சுலபமாக்குகிறேன் என்று வந்த மென்பொருள்கள் ஒவ்வொன்றாய்ப் போய்ச் சேர்ந்தன. பக்கங்களுக்கு ஆயுசு கெட்டி. இதையெல்லாம் நான் உருக்கமாகச் சொல்லி முடிப்பதற்குள், பெரியப்பா நோட்பேடில் முருகன் மாமாவின் ஆயிரத்தொன்றைத் தேடிக் கண்டுபிடித்து, இந்த வருட ஐயாயிரமாகத் திருத்திவிட்டார். "இவ்வளவுதானா? இதுக்காடா பட்டுத்துணி சுத்தி வச்சேன்?" என்றார்.

வருகையாளர் கணக்குதான் கடைசித் தகராறு. முகப்பின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்பெட்டி, சர்வரில் ஃப்ரண்ட்பேஜுக்கென்று தனி ஏற்பாடு இருந்தால்தான் ஓடும். அந்த ஏற்பாட்டை எடுத்து வெகுகாலமாயிற்று என்று சர்வர்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசியாகக் காட்டிய எண்ணைப் பெரியப்பா டைரியில் குறித்து வைத்திருந்தார்: 18,743. அதில் பாதி, யாராவது வந்திருக்கிறார்களா என்று அவரே போய்ப் போய்ப் பார்த்தது. இருந்தாலும் அய்யனாரின் சம்பாத்தியம் அது, விட முடியாது. அந்த எண்ணை அப்படியே நோட்பேடில் தட்டச்சுச் செய்து வைத்தேன். இனி அது தானாக ஏறாது என்றும் சொன்னேன்.

போன வாரம் சைட்டைத் திறந்து பார்த்தேன். 21,300 என்று இருந்தது. போன் போட்டுக் கேட்டேன்.

"திருவிழா சமயம்டா, கூட்டம் வராதா? தினமும் ராத்திரி நானே ஏத்திவிடுறேன். அந்த ஃப்ரண்ட்பேஜ் எண்ணுறதுல ரொம்பக் கஞ்சம்டா."