பாட்டியின் அனுமதி செல்லாது

கல்யாண ஆல்பம் கூடத்து அலமாரியில் இருந்தவரையில், அதை எடுத்துப் பார்க்க எவரும் எவரிடமும் விண்ணப்பித்துக்கொண்டதில்லை. அந்தப் புகைப்படங்கள் கூடத்துக் கம்ப்யூட்டரில் குடிபுகுந்து, மனைவி தன் அறையில் இருந்தபடியும் மகன் மாடியில் இருந்தபடியும் தத்தம் லேப்டாப்பில் அவற்றைப் பார்ப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்த பிறகுதான், இத்தனை காலம் கண்ஜாடையாலும் கனைப்பாலும் நிர்வாகம் நடத்திவந்த எங்கள் குடும்பத்துக்கு, யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் தொடலாம் என்பதை எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது.

விண்டோஸ் சாம்ராஜ்யத்தில் ஒரு ஃபோல்டருக்கு அதிகாரிகள் இருவர். நெட்வொர்க் வழியாக வருகிறவரை வாசலில் விசாரிப்பது ஷேர் பெர்மிஷன். அதைக் கடந்தால் உள்ளே காத்திருப்பது, 1993-இல் விண்டோஸ் என்.டி.யுடன் அவதரித்த என்.டி.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை கொடுக்கும் பெர்மிஷன். முன்னவர் மனமிரங்கி ஃபுல் கண்ட்ரோலே வழங்கி ஆசீர்வதித்தாலும், பின்னவர் "பார்ப்பதோடு சரி" என்று சொல்லிவிட்டால், பார்ப்பதோடு சரிதான். இருவரில் எவர் கஞ்சரோ அவர் சொல்லே வேதவாக்கு. போதாக்குறைக்கு 'டினை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மகன் இரண்டு குழுக்களில் அங்கத்தினனாக இருந்து, ஒரே ஃபோல்டரில் ஒரு குழுவுக்கு அனுமதியும் மற்றொன்றுக்கு மறுப்பும் எழுதப்பட்டிருந்தால், மறுப்பே ஜயிக்கும். அப்பா கூடாதென்றால் பாட்டியிடம் ஓடிச் சம்மதம் வாங்கி வரும் சனாதன மார்க்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய அநீதியாகத் தோன்றும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பாட்டியின் கதியோ இன்னும் பரிதாபம். "என் வீட்டில் எனக்கு எதற்குப் பூட்டு?" என்ற உயர்ந்த சித்தாந்தத்தின்படி, கூடத்துக் கம்ப்யூட்டரில் தம் பெயரிலுள்ள கணக்குக்கு அவர் பாஸ்வேர்டே வைத்துக்கொள்ளவில்லை. பாஸ்வேர்டு இல்லாதவர் யந்திரத்தின் எதிரில் வந்து உட்கார்ந்தால் தாராளமாக உபயோகிக்கலாம்; மாடியிலிருந்து நெட்வொர்க் வழியாக வந்தால் பிரவேசம் இல்லை என்பது அங்கே வழக்கமான ஏற்பாடு. மூட்டு வலிக்காரருக்கு மாடியிலிருந்து இறங்கி வா என்று சொல்கிற சட்டத்தை இயற்றியவர்களுக்குப் பாட்டி இல்லை போலும்! எனக்கும் பெரிய கௌரவம் கிடைத்துவிடவில்லை. தினந்தோறும் நாலு இலக்கப் பின் நம்பரைத் தட்டி உள்ளே போகிறவன், மனைவியின் லேப்டாப்பிலிருந்து அதே நம்பரைத் தட்டினால், "யார் நீ?" என்று கேட்கிறது. அந்தப் பின் அந்த ஒரு யந்திரத்துக்கு மாத்திரமே சொந்தம்; நெட்வொர்க்குக்கு வேண்டியது கணக்கின் அசல் பாஸ்வேர்டு. அதுவோ கம்ப்யூட்டர் வாங்கிய அன்று வைக்கப்பட்டு, அன்றே சகலராலும் மறக்கப்பட்டது.

வீடு முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்டு என்னும் சமரச ஏற்பாடும் ஒரு காலத்தில் இருக்கத்தான் இருந்தது. 2009-இல் விண்டோஸ் 7-உடன் வந்த ஹோம்குரூப்பைத்தான் சொல்கிறேன். அந்தக் கூட்டுக் குடும்பத்தை 2018-இல் விண்டோஸ் 10-லிருந்து நீக்கிவிட்டார்கள். எனினும் யந்திரத்தின் சந்தேக புத்தியை நான் முற்றிலும் நிந்திக்கத் தயாராக இல்லை. 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் நச்சு நிரல், இதே பகிர்வு முறையின் பழைய பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகவே தேசம் தேசமாகப் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்டது.

ஆகையால் வீட்டு எஜமானர்களுக்கு நான் செய்துகொள்ளும் விக்ஞாபனம் இதுதான்: பாட்டிக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்து, அதைப் பஞ்சாங்கத்தின் உள்ளட்டையில் எழுதிக் கொடுங்கள். கல்யாணப் படங்களுக்கு, உங்களைத் தவிர மற்றவர் எவராயினும், அவர் கிருகலக்ஷ்மியே ஆயினும், ரீட் உரிமை மாத்திரம் போதும். சேஞ்ச் உரிமை பெற்றவர் நெட்வொர்க் வழியாக அழிக்கும் படம் ரீசைக்கிள் பின்னில் போய்த் தங்குவதில்லை, நேரே பரலோகம்தான்.