இரண்டு முறை திரும்பினேன்

1983 ஆடி அமாவாசைக்கு முந்தின நாள். எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி, அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், பிறகு வத்திராயிருப்பு என்று பஸ் மாறி மாறிப் பெரியப்பா என்னைச் சதுரகிரிக்குக் கூட்டிப் போனார். எனக்குப் பதின்மூன்று வயது. காலில் செருப்பு கிடையாது. மஞ்சள் பையில் புளிச்சோறு, ஒரு வட்டுக் கருப்பட்டி, இரண்டு கட்டை போடும் டார்ச் லைட், ஆளுக்கு ஒரு துண்டு. இவ்வளவுதான் சாமான்.

2019 ஆகஸ்டில், நாற்பத்தொன்பதாவது வயதில், ரஷ்யாவில் காகசஸ் மலைத்தொடரின் எல்புருஸ் எரிமலையில் ஏறப் போனபோது சாமான் எழுதவே ஒரு முழுத்தாள் வேண்டியிருந்தது. இரட்டை உறை பூட்ஸ், அதன் அடியில் மாட்டும் கிராம்பான் என்கிற இரும்புப் பற்கள், பனிக்கோடரி, இடுப்புப் பட்டை, கயிறு, மூன்று அடுக்குக் கையுறை. தீப்பெட்டி ஆபீஸில் அம்மா கட்டை அடுக்கிய காசில் படித்தவன் நான். அந்தச் சாமான்களின் விலையைக் கூட்டிப் பார்த்தபோது அம்மாவின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

முதலில் சதுரகிரியைச் சொல்லிவிடுகிறேன். தாணிப்பாறையிலிருந்து விடியற்காலையில் ஏற ஆரம்பித்தோம். சங்கிலிப்பாறைக்கு முன்னால் ஓர் ஓடை. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். எங்களுக்கு முன்னால் பத்துப் பேர் கடந்து போய்விட்டார்கள். இறங்கப் போன பெரியப்பா நின்றார். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்த்தார். கலங்கல். பச்சை இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. எங்கள் தலைக்கு மேலே சுள்ளென்று வெயில்.

"தண்ணி நெறம் மாறிருச்சுல. மேல பெய்யிது. திரும்பு."

"இம்புட்டுத் தூரம் வந்துட்டமே பெரியப்பா" என்று அழுதேன். அவர் பதில் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து மேட்டுப் பாறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் சத்தம்தான் வந்தது, பத்து மாட்டு வண்டி ஒன்றாக ஓடி வருகிற மாதிரி. பிறகு ஓடை ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி, வேரோடு ஒரு மரத்தை உருட்டிக்கொண்டு போனது. அக்கரைக்குப் போனவர்கள் மறுநாள் மதியம்தான் கீழே வர முடிந்தது. பெரியப்பா கரிசல்காட்டு விவசாயி. கம்பும் பருத்தியும் போட்டுவிட்டு ஐப்பசி மழைக்காக மேகத்தையே பார்த்துப் பார்த்துக் கண் பழகியவர். வானம் பார்த்த பூமியில் பிறந்தவனுக்கு மழை எங்கே பெய்கிறது என்பதைக் கண்டுபிடிக்க மழை அவன் மேல் விழ வேண்டியதில்லை.

எல்புருஸ் ஐரோப்பாவின் மிக உயரமான மலை. மேற்குச் சிகரம் 5,642 மீட்டர், கிழக்குச் சிகரம் 5,621 மீட்டர். கடைசியாக வெடித்தது ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன். இப்போது அதன் தலை முழுக்கப் பனியாறுகள். குபான், மால்கா, பக்சான் என்ற மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்துதான் தண்ணீர். கோடை முழுக்கச் சாம்பல் நிறத்தில் நுரைத்து ஓடும் பக்சான் ஆற்றைப் பார்த்தபோது, மணல் மட்டும் ஓடுகிற எங்கள் வைப்பாற்றை நினைத்து மனம் கனத்தது.

அசாவ் என்ற அடிவாரத்திலிருந்து கேபிள் காரில் 3,847 மீட்டர் வரை போய்விடலாம். அதற்கு மேல் பஸ்துகோவ் பாறைகள் என்று கறுப்பாக ஒரு வரிசை. எல்லாம் எரிமலைக் குழம்பு உறைந்து ஆனவை. கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்ததால், ஒரு துண்டைக் கையில் எடுத்துச் சொந்தம் கொண்டாடினேன். அது சரியில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தக்காணத்துக் கரிசலுக்குத்தான் அந்தப் பிறப்பு. எங்கள் கோவில்பட்டிச் சீமைக் கரிசல் பழைய நைஸ் பாறைகள் சிதைந்து உண்டானது.

ஆனால் வேறோர் உறவு இருந்தது. வெயில் ஏறியதும் பனி இளகி, பூட்ஸின் இரும்புப் பற்களுக்கு நடுவே அப்பிக்கொள்ளும். நான்கு எட்டு வைத்தால் காலுக்கு அடியில் ஒரு கட்டி. பல் தரையில் பிடிக்காமல் வழுக்கும். மழை பெய்த மறுநாள் கரிசல்காட்டில் நடந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே குச்சியால் வழித்துப் போடுவோம். இங்கே வழிகாட்டி கோடரிக் கட்டையால் பூட்ஸின் ஓரத்தில் தட்டக் கற்றுக்கொடுத்தார். இரண்டாவது தட்டிலேயே கட்டி விழுந்தது. "முன்னாலேயே பழகியிருக்கிறாயா?" என்று கேட்டார். "எங்கள் ஊர் மண்ணும் இப்படித்தான்" என்றேன்.

அவர் பால்கர் இனத்தவர். 1944 மார்ச்சில் ஸ்டாலின் அரசு அந்த இனத்தையே ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பியது. 1957-க்குப் பிறகுதான் அவர்கள் மலைக்குத் திரும்ப முடிந்தது. அதை நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அவர் தேநீர் ஊற்றினார். உடம்புச் சூட்டில் இளகியிருக்கட்டும் என்று உள்சட்டைப் பைக்குள் வைத்திருந்த கோவில்பட்டிக் கடலை மிட்டாயை நீட்டினேன். வெளிப்பையில் இருந்தது கல்லாகிக் கடிபடவில்லை. இரண்டு தின்றுவிட்டு மூன்றாவதற்குக் கை நீட்டினார்.

இந்த மலையின் சரித்திரமே வழிகாட்டியின் சரித்திரம்தான். 1829-ல் ஜெனரல் இம்மானுவேல் தலைமையில் ரஷ்ய விஞ்ஞானிகள் வந்தார்கள். அவர்கள் எல்லோரும் பாதியில் நின்றுவிட, அடிவாரத்து ஆளான கில்லார் மட்டும் கிழக்குச் சிகரத்தில் ஏறினார். ஜெனரல் அதைக் கீழே முகாமிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தார். 1874-ல் ஆங்கிலேயர்கள் மேற்குச் சிகரம் ஏறியபோதும் முன்னால் நடந்தவர்களில் அகியா சோத்தாயேவ் என்ற உள்ளூர்க்காரர் உண்டு. வழி காட்டியவனின் பெயரைச் சரித்திரம் எழுதி வைத்த மலைகள் குறைவு. எல்புருஸை நான் மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரவு இரண்டு மணிக்குக் கிளம்பினோம். மைனஸ் 15 டிகிரி. வழி நெடுக மூங்கில் குச்சிகளில் சிறு கொடிகள் நட்டிருந்தன. விடிந்து இரண்டு மணி நேரத்தில் இரு சிகரங்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை நெருங்கினோம். சிகரத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். இடக் கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்த காற்று வலக் கன்னத்துக்கு மாறியது. மேகம் கீழேயிருந்து ஏறி வந்து மூடியது. தரைக்கும் வானத்துக்கும் நடுவே இருந்த கோடு அழிந்தது. பனித்துகள் மணல் மாதிரி முகத்தில் இறைத்தது. ஒரு கொடியின் பக்கத்தில் வழிகாட்டி நின்றார். அடுத்த கொடி இருக்க வேண்டிய திசையையே பார்த்தார். நானும் பார்த்தேன். வெள்ளை.

"அடுத்த கொடி தெரியவில்லை. திரும்பு."

பெரியப்பா மாதிரியே ஒற்றைச் சொல். இந்த முறை நான் அழவில்லை. கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டு திரும்பினேன். கொடி கொடியாகத் தேடி இறங்க ஐந்து மணி நேரம் ஆனது.

அன்று மாலை குடிலுக்கு வெளியே வந்தபோது மேகம் முழுக்க விலகியிருந்தது. இரண்டு சிகரங்களும் வெயிலில் பளிச்சென்று நின்றன. சதுரகிரியில் பெரியப்பா சொன்னது சரி என்று அரை மணி நேரத்தில் வெள்ளமே வந்து சாட்சி சொன்னது. எல்புருஸில் எந்தச் சாட்சியும் வரவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் வழி திறந்திருக்கலாம், திறக்காமலும் போயிருக்கலாம். வழிகாட்டி பக்கத்தில் வந்து நின்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

2021 செப்டம்பர் 23 அன்று அதே மலையில் 19 பேர் கொண்ட ஒரு குழு பனிப்புயலில் சிக்கியது. ஐந்து பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கோவில்பட்டியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன்.

2023 மே மாதம் பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்செல்வி எவரெஸ்ட் ஏறினார். அந்தச் சிகரம் தொட்ட முதல் தமிழ்நாட்டுப் பெண் அவர். அதற்குப் பிறகு பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள்: எந்த பூட்ஸ் வாங்கணும், எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் பயிற்சி? கேட்கட்டும், போகட்டும், கரிசல்காட்டுப் பிள்ளைகள் உலகத்து மலையெல்லாம் ஏறட்டும். வழிகாட்டியைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

காகசஸ் வரை போகாதவர்களுக்கும் சொல்கிறேன். 2015 மே மாதம் இதே சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்களின் உயிர் போனது. அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ தாணிப்பாறை போகிறவர்கள், "இன்னைக்கு மேலே விடமாட்டோம்" என்று வனத்துறை ஊழியர் கை காட்டினால் அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் சரி, அவர் ஓடைத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்திருப்பார். திரும்பி வாருங்கள்.