லைட் தம்பி

கல்யாண மண்டபத்தில் ஆளுக்கொரு மரியாதை உண்டு. சமையல்காரர் மாஸ்டர். மந்திரம் சொல்பவர் ஐயர். நாதஸ்வரக்காரர் வித்வான். போட்டோ எடுப்பவர்கூட இப்போதெல்லாம் சார்தான். ஆளுயர ஸ்டாண்டின் உச்சியில் மாட்டிய ஃபிளாஷுக்குக் காவல் நிற்பவர் மட்டும் தம்பி. ஐம்பது வயதாகி, சொந்த மகளுக்கே வரன் பார்த்துக்கொண்டிருந்தாலும் அவர் தம்பிதான். மாப்பிள்ளை வீட்டுப் பொடியன்கூட அவரைத் “தம்பி” என்றே கூப்பிடுவான்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் மேடை அலங்காரத்தைப் பார்ப்பார்கள். தம்பி முதலில் தரையைப் பார்ப்பார். கம்பளம் எங்கே மடிந்திருக்கிறது, எந்த இடத்தில் தண்ணீர் சிந்தியிருக்கிறது, பந்திக்குக் கூட்டம் எந்த வழியாக ஓடும் என்று கணக்குப் போடுவார். பிறகு மேலே பார்ப்பார். மின்விசிறி எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது என்பது தெரியாமல் ஸ்டாண்டை உயர்த்தினால், முகூர்த்தத்துக்கு முன்பே கெட்டிமேளம் கேட்கும்.

அதன்பின் அவருடைய சடங்கு தொடங்கும். இதில் அவர் ஐயரைவிட ஆசாரமானவர். முதலில் மூன்று கால்களையும் நன்றாக அகட்டுவார். குறுக்கி வைத்தால் இடம் மிச்சமாகும், ஆனால் ஸ்டாண்டு கவிழச் சாக்குத் தேடிக்கொண்டிருக்கும். ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸ் எந்தப் பக்கம் தலை நீட்டுகிறதோ அந்தப் பக்கம் ஒரு கால் இருந்தாக வேண்டும். உயர்த்தும்போது தடித்த குழாயை முதலில் இழுப்பார். மெலிந்த குழாய் கடைசியில்தான், அதுவும் வேறு வழியில்லையென்றால். ஒவ்வொரு திருகையும் முறுக்கியபின் தண்டை ஒருமுறை கீழே அழுத்திப் பார்ப்பார். எந்தத் திருகையும் தளர்த்துவதற்குமுன் மேலே இருக்கும் கனத்தை ஒரு கை தாங்கியிருக்கும். இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட விதத்தை அவருடைய இடது கட்டைவிரல் நகம் சொல்லும்.

சரித்திரமும் அவருக்கு அத்துப்படி. சாஃப்ட்பாக்ஸை மாட்டும்போதே, “இதுக்குப் பேரு போவென்ஸ் மவுண்ட் சார். இங்கிலாந்துக் கம்பெனி. 2017-லயே மூடிட்டான்” என்பார். கம்பெனி போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் மவுண்ட் மட்டும் சீனத்து ஃபிளாஷ்களோடு ஊரெல்லாம் குடும்பம் நடத்துகிறது.

அடுத்தது எடைப் பிரச்சினை. அலுமினிய ஸ்டாண்டின் எடையைவிட அதன் தலையில் ஏறும் ஃபிளாஷும் சாஃப்ட்பாக்ஸும் பல சமயம் அதிக எடை. அதனால் கீழே கனம் வேண்டும். அதற்கென்றே மணல் மூட்டை விற்கிறார்கள். ஆனால் ஸ்டூடியோ அண்ணன், “மணல் சுமக்கவாடா ஸ்டூடியோ வெச்சிருக்கேன்?” என்று கேட்பவர். ஆகவே தம்பி மண்டபத்தில் கிடைத்ததைக் கட்டுவார். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் கட்டினால் இரண்டு கிலோ. அது தாகத்துக்கு ஆள் வரும்வரைதான். தாம்பூலப் பை இன்னும் விசேஷம். உரித்த தேங்காய் ஒன்று அரைக் கிலோவுக்குப் பக்கம் வரும். எட்டுப் பையைச் சேர்த்துக் காலில் கட்டினால் ஸ்டாண்டு அசையாது. ஆனால் சாப்பிட்டுவிட்டு வரும் சனம், “அட, இங்கயும் குடுக்கறாங்க!” என்று ஆளுக்கொன்றாக அவிழ்த்துக்கொண்டு போகும். வரவேற்பு முடிவதற்குள் ஸ்டாண்டு பட்டினி கிடக்கும்.

உறவுமுறையைத் தம்பி வேறு விதமாகப் பிரித்து வைத்திருக்கிறார். நமக்குப் பெரியப்பா என்பவர் அவருக்குச் சாய்வு ரகம். பழைய நண்பரைப் பார்த்தவுடன் ஒரு கையை ஸ்டாண்டின்மேல் ஊன்றிக்கொண்டு நாற்பது வருஷக் கதையை ஆரம்பிப்பார். “பெரியவரே, அது தூண் இல்லீங்க” என்று தம்பி பணிவாகச் சொல்ல வேண்டும். அடுத்தது ஓட்ட ரகம்: பலூனைத் துரத்தும் குழந்தைகள். இவர்களுக்காகத்தான் தரையில் கிடக்கும் ஒவ்வொரு ஒயரையும் டேப் போட்டு ஒட்டுகிறார். ஃபிளாஷ் பேட்டரியில் ஓடினாலும் வீடியோக்காரரின் ஒயர் விடாது. மூன்றாவது செல்ஃபி ரகம். சாஃப்ட்பாக்ஸ் வெளிச்சத்தில் முகம் நன்றாக வரும் என்று எவரோ சொன்னதைக் கேட்டு, பின்னாலேயே நடந்து வந்து முதுகால் ஸ்டாண்டை இடிப்பார்கள். இவர்கள் எல்லோரையும்விட ஆபத்தானது காற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புல்வெளி வரவேற்பு என்றால் தம்பிக்கு முந்தின இரவே தூக்கம் போய்விடும். கடற்காற்று வீசினால் சாஃப்ட்பாக்ஸ் பாய்மரம்போல விரிந்து ஃபிளாஷோடு பயணம் கிளம்பும். அப்போது பேசாமல் அதைக் கழற்றிவிட்டு வெறும் ஃபிளாஷையே நிறுத்துவார். படம் கொஞ்சம் கடுமையாக வந்தாலும் பரவாயில்லை என்று.

பரம எதிரி இன்னும் மீதி: தள்ளச் சொல்லும் மாமா. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். “தம்பி, மறைக்குது. அந்தாண்ட வை!” சாஃப்ட்பாக்ஸின் நைலான் துணிக்கு ஓமத் தீயில் பங்கு கிடைக்காதபடி தம்பி ஏற்கெனவே தள்ளித்தான் வைத்திருப்பார். ஆனால் பெண்ணுக்குத் தாய்மாமன் கேட்டால் மறுக்க முடியுமா? நாலடியில் நின்ற லைட் எட்டடிக்குப் போகும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகக் குறையும் என்பது இயற்பியல். அது தாய்மாமனுக்கும் விலக்குத் தராது. ஸ்டூடியோ அண்ணன் மேடையிலிருந்து, “பவரை ஏத்துடா!” என்று கத்துவார். ஏற்றினால் ஒவ்வொரு அடிக்கும் பிறகு ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆக ஓரிரு விநாடி கேட்கும். கெட்டிமேளம் முழங்கும் நேரத்தில் அந்த ஓரிரு விநாடி யாரிடமும் கிடையாது. ஆல்பம் வந்ததும், “தாலி கட்டுற போட்டோவே இருட்டா இருக்கே, என்ன ஸ்டூடியோ பிடிச்சீங்க?” என்று முதலில் கேட்பவரும் அதே மாமாதான்.

தாலி ஏறும் கணத்தில் மொத்தக் கூட்டமும் அட்சதையோடு மேடைக்குப் பாயும். தம்பி ஸ்டாண்டின் ஒரு காலை மிதித்துக்கொண்டு, தண்டை இறுக்கிப் பிடித்து, மேலே பார்த்தபடி நிற்பார். ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு அவர் வந்திருக்கிறார். ஒரு தாலி கட்டுவதையும் பார்த்ததில்லை. ஸ்டாண்டு விழுந்தால்தான் அவர் பெயர் வெளியே வரும். நிற்கும்வரை அப்படியொருவர் இருப்பதே தெரியாது.

ஆகவே உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாய்வதற்குத் தூண் இருக்கிறது, தாம்பூலம் வாசலில் கொடுக்கிறார்கள். ஸ்டூடியோ அண்ணன்மார்களுக்கும் ஒன்று: தயவுசெய்து தம்பிக்கு மணல் மூட்டை வாங்கிக் கொடுங்கள். தமிழ்நாட்டில் மணல் விலை ஏறிக் கிடப்பது உண்மைதான். ஆனாலும் அது இன்னும் ஃபிளாஷ் விலையை எட்டவில்லை. ஆற்று மணல் கட்டுப்படியாகாவிட்டால் எம்-சாண்ட் போதும்.