இமை, பவுடர், காலர்: பிளஸ் டூ குரூப் போட்டோ குறித்த ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் தொடங்கியது. அன்றுதொட்டுப் பிளஸ் டூ தேர்வுக்குத் தயாராவது எப்படி என்று வந்த கையேடுகளை அடுக்கினால் ஒரு வகுப்பறை நிறையும். குரூப் போட்டோவுக்குத் தயாராவது பற்றி ஒரு துண்டுப் பிரசுரம்கூட இல்லை. தேர்விலாவது மறுகூட்டல் உண்டு, துணைத்தேர்வு உண்டு. படத்தில் கண்ணை மூடிக்கொண்டவன் எந்த இயக்ககத்துக்கு மனுப் போடுவான்? இந்தப் பெருங்குறையை நீக்கவே இச்சிற்றாய்வு.

முதலில் சிகை. படத்துக்கு முதல்நாள் முடி வெட்டுவது பாமரர் வழக்கம். காதோரம் வெயில் படாத தோல் பட்டையாக வெளுத்துத் தெரியும். ஒரு வாரம் முன்பே வெட்டுவதுதான் சான்றோர் நெறி. அடுத்து எண்ணெய். இதில் அம்மாக்கள் ஒரு கட்சி, மகன்கள் எதிர்க்கட்சி. காலையில் வழிய வழியத் தேய்த்த தேங்காய் எண்ணெய் பத்து மணி வெயிலில் நெற்றிக்கு இறங்கிவிடும். அதை மறைக்கக் கைக்குட்டை மூலையில் முடிந்து வந்த கோகுல் சாண்டல் பவுடர் வகுப்பு முழுக்கச் சுற்றும். எண்ணெய்மேல் விழுந்த பவுடர் திட்டுத் திட்டாகத் திரளும், தாடையோடு நின்றுபோகும். அதற்குக் கீழே கழுத்து தன் சொந்த நிறத்தில் இருப்பதை எவனும் கவனிப்பதில்லை.

கவனிக்கக் கண்ணாடி வேண்டுமே! ஆண்கள் பள்ளியில் கண்ணாடி என்பது கணக்கு வாத்தியார் வண்டியில் இருப்பது மட்டும். “மச்சி, சீப்பு குடுடா” என்ற கூக்குரலோடு வகுப்பே அதன்முன் குனிந்து எழும். ஆய்வாளர் இங்கேதான் கொஞ்சம் நின்றாக வேண்டும். 1977-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒருவருக்கு இடவலம் மாறிய தன் படம்தான், அதாவது கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம்தான், அதிகம் பிடித்தது. நண்பர்களுக்கோ மாறாத படம் பிடித்தது. ஆக, நம் மாணவன் வண்டிக் கண்ணாடியில் அரும்பாடுபட்டு ஒப்பனை செய்வது வேறு யாருமே பார்த்திராத ஒரு முகத்துக்கு. படம் கைக்கு வந்ததும் “சே, நான் இப்படியா இருக்கேன்?” என்கிறான். பக்கத்தில் இருப்பவன் “அச்சு அசலா நீதான்டா” என்கிறான். இருவரும் பொய் சொல்லவில்லை.

உடை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெஞ்சின்மேல் நிற்கும் கடைசி வரிசைக்காரன் காலரை மட்டும் இஸ்திரி போட்டால் போதும். தரையில் உட்காரும் முன்வரிசைக்காரனுக்குத்தான் கால்வரை செலவு. இந்தச் சிக்கனம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பள்ளிகளில் இறுதியாண்டு மாணவரைத் தனித்தனியே படம் எடுப்பார்கள். பெண்களுக்குத் தோளைச் சுற்றி ஒரு கறுப்புத் துணி, பையன்களுக்கு முன்பாதி மட்டுமே உள்ள கோட்டு என்று படமெடுப்பவரே மாட்டிவிடும் வழக்கம் அங்கே பரவலாக உண்டு. இடுப்புக்குக் கீழே அரைக்கால் சட்டை இருந்தாலும் ஆண்டுமலருக்குத் தெரியப்போவதில்லை.

இனி முகபாவம். 1839-இல் டாகர் என்பவரின் புகைப்பட முறை வெளியானபோது ஒரு படத்துக்குப் பல நிமிடம் வெளிச்சம் வாங்க வேண்டியிருந்தது. தலை ஆடாமலிருக்கப் பின்கழுத்தில் இரும்புக் கவ்வி வைத்தார்கள். கவ்வி ஒழிந்து வெகுகாலமாயிற்று. நடு நாற்காலியில் முழங்கால்மேல் இரு கையையும் ஊன்றி அமர்ந்திருக்கும் தலைமையாசிரியருக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

எஞ்சியிருப்பது இமை. மனிதன் நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை கண் சிமிட்டுகிறான். குழுப் படத்தில் ஒருவர்கூடக் கண் மூடாதிருக்க எத்தனை முறை எடுக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் கணக்கிட்டு, 2006-இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு பெற்றார்கள். இருபது பேருக்குக் குறைவான குழுவென்றால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுத்துக்கொள்ள வேண்டும். வெளிச்சம் மட்டமென்றால் இரண்டால். நம் வகுப்பிலோ ஐம்பது பேர், ஆசிரியர்கள் தனி. போட்டோக்காரர் “ரெடி... ஆடாதீங்க” என்று மூன்று முறை சொல்லிவிட்டு முக்காலியை மடக்கிவிடுகிறார். எந்தச் சூத்திரத்தாலும் அவரைத் தடுக்க முடியாது.

இத்தனைக்கும் நடுவே ஒருவன் மட்டும் தப்பியிருக்கிறான். அம்மை கண்டு அன்றைக்கு வராதவன். 35-க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படமாக, மேல்மூலையில் தனிக் கட்டத்துக்குள் இருக்கிறான். கண் திறந்திருக்கிறது, பவுடர்க் கோடு இல்லை, முன்னால் நிற்பவன் தலை மறைக்கவில்லை. பிரதிக்கு அவனிடமும் அதே காசுதான் வாங்கினார்கள்.